கல்லில் இல்லாத பெயர்கள்

இலண்டன் மாநகரில், பிரித்தானிய நாடாளுமன்றத்தின் தென்முனையில் உயர்ந்து நிற்கும் விக்டோரியா கோபுரத்தை ஒட்டி, தேம்ஸ் ஆற்றங்கரையோரமாக ஒரு பூங்கா நீண்டு கிடக்கிறது. பரப்பில் சிறியதாயினும் வரலாற்றில் பெரியது அந்தப் பூங்கா. பெண்களின் வாக்குரிமைக்காகச் சிறை சென்ற எம்மெலின் பாங்க்ஹர்ஸ்ட் அம்மையாரின் சிலை 1930ஆம் ஆண்டு முதல் அங்கே நிற்கிறது. தம் ஊரைக் காக்கத் தம் உயிரைத் தர முன்வந்த பிரெஞ்சு நகரத்தார் அறுவரைக் குறிக்கும், ரோதென் என்னும் சிற்பி வடித்த 'கலே நகரத்தார்' சிலைத்தொகுதியின் வார்ப்பு ஒன்றும் அங்கே உள்ளது. இவற்றுக்கிடையே, வண்ணக் கூரையும் கூர்முனைக் கோபுரமும் கொண்டு, சிறு மண்டபம் போன்ற கற்கட்டடம் ஒன்று காண்போர் கண்ணைக் கவர்கிறது. அதுதான் பக்ஸ்டன் நினைவு நீரூற்று.

எட்டுப் பட்டை வடிவம். எண்புறமும் திறந்த வளைவுகள். அவற்றைத் தாங்கும் மெருகேற்றிய பளிங்குத் தூண்கள். நடுவே பருத்த தூண் ஒன்று. அதைச் சுற்றி நீர் விழுவதற்கெனக் கருங்கல் தொட்டிகள் நான்கு. மேலே வண்ணப் பூச்சுச் சுட்ட இரும்புத் தகடுகள் வேய்ந்த கூம்புக் கூரை. கோபுரத்தின் எட்டு மூலைகளிலும் பிரித்தானியாவை ஆண்டோரின் சிற்றுருவங்கள் எட்டு. சாமுவேல் சாண்டர்ஸ் டூலன் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு, நாடாளுமன்ற உறுப்பினர் சார்லஸ் பக்ஸ்டன் 1865ஆம் ஆண்டில் இதை வடிவமைத்தார். பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட தம் தந்தை தாமஸ் ஃபோவெல் பக்ஸ்டனையும் அவருடைய தோழர்களையும் நினைவுகூரவே அவர் இதை எழுப்பினார்.

இந்தத் தலையங்கத்தை எழுதுபவன் ஓர் உண்மையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அலுவலகத்தின் நண்பகல் இடைவேளைகளில் அந்தப் பூங்காவின் வழியே பல ஆண்டுகள் நடந்திருக்கிறேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிச்சோற்றை அந்த நீரூற்றுக்கு எதிரே அமர்ந்து உண்டிருக்கிறேன். ஒருநாளும் அதிலுள்ள எழுத்தைப் படித்ததில்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பிரபுவின் நினைவாக எழுப்பிய அலங்காரம், நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றே எண்ணியிருந்தேன். என் எண்ணம் எத்துணைப் பெரிய பிழை என்பதைப் பின்னர் அறிந்தேன். ஊரைவிட்டு வந்து இங்கே பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் ஒவ்வொருவருக்கும், இங்கேயே பிறந்து வளரும் இளையோர் ஒவ்வொருவருக்கும் அந்தக் கல்லோடு தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பு, கல்லில் எழுதப்பட்டதில் பாதியும் எழுதப்படாததில் பாதியுமாக உள்ளது.

கல் சொல்வது என்ன?

1807ஆம் ஆண்டில் அடிமை வணிகத்தை ஒழிக்க வில்பர்ஃபோர்சுடன் நின்ற நாடாளுமன்ற உறுப்பினர்களையும், 1834ஆம் ஆண்டில் பேரரசின் ஆட்சிப் பகுதிகளில் அடிமைகள் விடுதலை பெறப் பக்ஸ்டனுடன் நின்ற உறுப்பினர்களையும் நினைவுகூர்வதற்காக இது அமைக்கப்பட்டது என்று அந்தக் கல்வெட்டு கூறுகிறது. வில்பர்ஃபோர்ஸ், கிளார்க்சன், மெக்காலே, புரூம், லஷிங்டன் ஆகியோர் போற்றப்படுகின்றனர்.

இவர்களுடைய தொண்டை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. இலாபம் கொழித்த ஒரு வணிகத்தை, அதனால் செல்வம் பெற்றோர் நிறைந்திருந்த அவையிலேயே எதிர்த்து, ஆண்டுக்கு ஆண்டு தோற்று, மீண்டும் எழுந்து பேசியவர்கள் அவர்கள். வில்பர்ஃபோர்ஸ் தம் முதுமையில், விடுதலைச் சட்டம் மக்கள் அவையில் நிறைவேறும் நிலையை அடைந்த செய்தியைக் கேட்ட சில நாட்களில், 1833 ஜூலை 29ஆம் நாள் கண்மூடினார். நேர்மையான ஒரு வாழ்வுக்கு எழுப்பிய நேர்மையான நினைவுச்சின்னம்தான் இது. அழகுக்காக மட்டும் அன்றி, வழிப்போக்கர் தாகம் தீர்க்கவும் எழுப்பப்பட்டது என்பது அதன் சிறப்பைக் கூட்டுகிறது. நல்ல குடிநீர் கிட்டாமல் வாந்திபேதியால் இலண்டன் மக்கள் மடிந்துகொண்டிருந்த காலம் அது.

அந்தச் சின்னத்தின் வாழ்க்கையும் எளிதாக இருந்ததில்லை. முதலில் நாடாளுமன்றச் சதுக்கத்திலே நின்ற அது, போருக்குப் பிந்திய சீரமைப்பின்போது 1949இல் அகற்றப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து 1957இல்தான் இப்பூங்காவில் மீண்டும் நிறுவப்பட்டது. ஆண்டோரின் உருவங்கள் நான்கு 1960இல் திருடப்பட்டன. எஞ்சிய நான்கும் 1971இல் திருடப்பட்டன. 1980இல் அவற்றுக்கு ஈடாகக் கண்ணாடியிழை உருவங்கள் வைக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டுக்குள் அவையும் காணாமற்போயின. அடிமை வணிக ஒழிப்பின் 200ஆம் ஆண்டு நிறைவையொட்டி முழுமையாகச் செப்பனிடப்பட்டு, 2007 மார்ச் 27ஆம் நாள் மீண்டும் திறந்துவைக்கப்பட்டது. கல்லில் நட்டாலும் நினைவு தானாக நிலைத்துவிடாது, அதைக் காப்பதற்கு ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கல் சொல்லாதது என்ன?

எண்புறமும் சுற்றி வந்து பாருங்கள். உச்சியில் மன்னர்களும் ஒரு மகாராணியும் இடம்பெற்றனர். கல்வெட்டில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருக்கின்றனர். விடுதலை பெற்ற ஏறத்தாழ 8 இலட்சம் மனிதர்களில் ஒருவருடைய பெயரும் இல்லை. ஒருவருடைய முகமும் இல்லை.

அவர்கள் கைகட்டிக் காத்திருந்து விடுதலையைப் பெற்றவர்கள் அல்லர். 1831ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாட்களில், சாமுவேல் ஷார்ப் என்னும் அடிமையின் தலைமையில் ஜமைக்காத் தீவில் பல்லாயிரவர் கிளர்ந்தெழுந்தனர். கூலி தராவிடில் வேலை செய்யமாட்டோம் என்பதே தொடக்கத்தில் அவர்களின் கோரிக்கை. கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின் 300க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1832 மே மாதம் ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். அவர் இறந்து 15 மாதங்களில் விடுதலைச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. இனியும் காலம் தாழ்த்தினால் தீவுகள் கையைவிட்டுப் போகும் என்ற அச்சம் இலண்டன் அவையினரை உலுக்கியிருந்தது. அந்த அச்சத்தைத் தந்தவர்களுக்குக் கல்லில் இடமில்லை.

பெண்களுக்கும் இடமில்லை. 1833ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,87,000 பெண்கள் கையொப்பமிட்ட மனு ஒன்று நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்டது. அவர்களில் எவருக்கும் அன்று வாக்குரிமை கிடையாது. வாக்குரிமை உடையோரின் பெயர் கல்லில் நிலைத்தது. இல்லாதோரின் கையொப்பங்கள் தாளோடு போயின. அதே பூங்காவில் நிற்கும் பாங்க்ஹர்ஸ்ட் அம்மையாரின் சிலையை இதனோடு சேர்த்துப் பார்த்தால்தான் இரண்டின் பொருளும் விளங்கும்.

பணத்தைப் பற்றியும் கல் பேசவில்லை. விடுதலைக்காக அரசு 2 கோடி பவுண்டு இழப்பீடு வழங்கியது. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு அது. அந்தப் பணம் அடிமைகளுக்குத் தரப்படவில்லை; அடிமைகளை வைத்திருந்தோருக்கே தரப்பட்டது. அதற்காக வாங்கிய கடனின் எச்சம் பின்வந்த கடன் பத்திரங்களோடு கலந்து தொடர்ந்து, 2015ஆம் ஆண்டில்தான் முற்றாக அடைக்கப்பட்டது. நம் பெற்றோர் பலர் இந்நாட்டில் செலுத்திய வரியும் அதில் சேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். விடுதலை பெற்றோருக்குக் கிடைத்ததோ, 'பயிற்சித் தொழிலாளர்' என்ற புதுப்பெயரில் பழைய எசமானருக்கே கூலியின்றி உழைக்கும் கடமை. எதிர்ப்பு வலுத்ததால் 1838 ஆகஸ்ட் 1ஆம் நாளோடு அது கைவிடப்பட்டது.

விடுபட்ட நாடுகளில் நம் நாடுகள்

இதுவரை கூறியவை ஆப்பிரிக்க மக்களின் வரலாறு. இனி நம்முடையது.

பேரரசெங்கும் அடிமைகள் விடுதலை பெற்றனர் என்ற பொருளில் கல்வெட்டு பேசுகிறது. ஆனால் 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஆம் பிரிவைப் படித்தால் வேறொன்று தெரியும். கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சிப் பகுதிகளுக்கும், இலங்கைத் தீவுக்கும், செயின்ட் ஹெலினாத் தீவுக்கும் இச்சட்டம் பொருந்தாது என அது விலக்கி வைத்தது. அதாவது தமிழ்நாடும் ஈழமும் அந்த விடுதலைக்கு வெளியே நிறுத்தப்பட்டன. கும்பினிப் பகுதிகளில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்ற சட்டம் 1843இல்தான் வந்தது. இலங்கையில் 1844இல் வந்தது. இழப்பீடு கிடையாது, நிலம் கிடையாது, வேறு வாழ்வழியும் கிடையாது. கடனால் கட்டுண்ட பண்ணையாட்களாகப் பலருடைய வாழ்வு தொடர்ந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் தனிச்சட்டம் இந்தியாவில் 1976ஆம் ஆண்டிலும் தேவைப்பட்டது.

இங்கே, அன்பார்ந்த வாசகர்களே, கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த 64ஆம் பிரிவால் அடிமைகளாகவே விடப்பட்ட நம் மக்களின் எசமானர் யார்? பெரும்பாலும் நாமேதான். தஞ்சை வயல்களிலும் யாழ்ப்பாணத் தோட்டங்களிலும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலே பிறந்த தமிழரை, மேற்சாதிகளிலே பிறந்த தமிழர் அடிமைகளாக வைத்திருந்தனர். நிலத்தோடு சேர்த்து ஆட்களை விற்றதற்கான ஓலைகள் கிடைத்துள்ளன. திருவெண்ணெய்நல்லூரில் ஒரு முதியவர் ஆளோலை காட்டிச் சுந்தரரை வழக்குக்கு இழுத்த கதையை நம் பிள்ளைகளுக்குப் பக்தியோடு சொல்கிறோம். ஆளோலை என்பது மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருந்ததற்கான ஆவணத்தின் பெயர் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சம் தஞ்சையை வாட்டியபோது, நாகப்பட்டினத்திலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் ஒல்லாந்தர் ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாகக் கப்பலேற்றினர். அவர்களை விற்றுக் கொடுத்த கைகளில் நம்மவர் கைகளும் இருந்தன.

வெள்ளையர் கல்லில் தம் குற்றத்தை மறைத்துத் தம் புண்ணியத்தை மட்டும் எழுதினர் என்று நாம் குறைகூறலாம். ஆனால் நாம் ஒரு கல் நட்டால் அதில் நம் குற்றத்தை எழுதுவோமா? இந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்ல இயலாதவரை, பக்ஸ்டனின் கல்லைக் குறைகூறும் தகுதி நமக்கு முழுமையாக வந்துவிடாது.

கப்பல் ஏறியவர்கள்

விடுதலைச் சட்டத்திற்கும் நமக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. அடிமைகளை இழந்த கரும்புத் தோட்டக்காரர்கள் மலிவான கைகளைத் தேடினர். இந்தியாவை நோக்கினர். சட்டம் நடைமுறைக்கு வந்தது 1834 ஆகஸ்ட் 1ஆம் நாள். அதே ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், இந்தியத் தொழிலாளரை ஏற்றிய 'அட்லஸ்' என்னும் கப்பல் மொரீசியசை அடைந்தது. இடையே மூன்று மாதமே. பிரித்தானியக் கயானாவில் பெருந்தோட்டங்களை வைத்திருந்த ஜான் கிளாட்ஸ்டன், ஒரு கையால் ஒரு இலட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட இழப்பீட்டைப் பெற்றார். மறு கையால் இந்தியத் தொழிலாளரைத் தருவிக்க ஏற்பாடு செய்தார். அவர் மகன்தான் பின்னாளில் பிரதமராக விளங்கிய வில்லியம் கிளாட்ஸ்டன்.

ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றனர். படிக்கத் தெரியாத தாளில் கைந்நாட்டு வாங்கினர். சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. 1911ஆம் ஆண்டு வரை நேட்டாலுக்குச் சென்றோர் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்ற தமிழரும் தெலுங்கருமாவர். மொரீசியசுக்கு மட்டும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் சென்றனர். அவர்கள் கரையேறிய ஆப்பிரவாசி படித்துறையை 2006ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இலங்கைக்குச் சென்றோருக்கு நெடுங்கடற் பயணம் இல்லை; நீண்ட காட்டு நடை இருந்தது. மன்னாரில் இறங்கி மாத்தளை நோக்கி நடந்தவர்கள் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மடிந்தனர். சென்று சேர்ந்தோரின் கையில் 'துண்டு' என்ற கடன் சீட்டு இருந்தது. அந்தக் கடன் தீராமல் தோட்டத்தைவிட்டு வெளியேற இயலாது. முதலில் கோப்பி, பின்னர் தேயிலை, தலைமுறைகள் உழைத்தன. 1948இல் அம்மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்களுடைய வழித்தோன்றல்கள் நடந்தே சென்றனர். கல் நடப்படாத இடத்தில் காலால் எழுதிய நினைவு அது.

பக்ஸ்டன் நீரூற்று எழுப்பப்பட்டபோது இந்தக் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதன் வண்ணக் கூரையின்மேல் 1866இல் வெயில் பட்டபோது, நேட்டால் கரும்புத் தோட்டங்களில் தமிழர்கள் வெட்டுக்கத்தியோடு நின்றனர். விடுதலையின் கதையை முடித்து முற்றுப்புள்ளி வைத்தது அந்தக் கல். நம் முன்னோருக்கோ அங்கேதான் கதை தொடங்கியது.

நம் கல்மரபு

கல் நடுவது தமிழருக்குப் புதிதன்று. நடுகல் நடும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துள்ளது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்திலே, ஆநிரைப் போரில் வீழ்ந்தவனின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. பிற்காலச் செங்கம் நடுகற்களில் மன்னனின் பெயரும் வருகிறது. ஆனால் அது பெரும்பாலும் காலத்தைக் குறிக்க வருகிறது. கல் நடப்பட்டதோ வீழ்ந்தவனுக்காக. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில், வீரன் கருந்தேவகத்தியோடு அவனுடைய நாய்க்கும் உருவம் உண்டு. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் கல் கூறுகிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன், ஒரு நாயின் பெயரைக்கூட விட்டுவிடக் கூடாது என்று எண்ணிய இனம் நம்முடையது.

பயன்தரும் நினைவுக்கல்லையும் நாம் அறிவோம். கருவுற்றிருக்கும்போது இறந்த பெண்ணின் நினைவாக வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நடுவது நம் ஊர்களின் வழக்கம். அவள் இறக்க இயலாத சுமையை, வழிச்செல்வோர் அக்கல்லில் இறக்கிவைத்து இளைப்பாறுவர். ஆவுரிஞ்சிக் கல்லும் தண்ணீர்ப் பந்தலும் அவ்வாறே. இறந்தோரை நினைத்து இருப்போரின் தாகம் தீர்க்கும் பக்ஸ்டன் நீரூற்றின் கருத்து, நம் பாட்டிமாருக்கு எளிதாக விளங்கியிருக்கும்.

அந்த மரபினர் இன்று என்ன செய்கிறோம்? நாம் வாழும் நாடொன்றில் ஒரு தமிழ்ப் பள்ளி மண்டபத்தின் வாயிலில் பதித்த கல்லை அண்மையில் பார்த்தேன். திறந்துவைத்தவர் பெயர் பெரிய எழுத்தில்; முன்னிலை வகித்தோர் பெயர் அடுத்து; செயற்குழுவினர் பெயர் பட்டியலாக; நன்கொடையாளர் பெயர் தொகையின் வரிசையில். முப்பது ஆண்டுகளுக்கு முன் தம் வீட்டு முன்னறையில் எட்டுப் பிள்ளைகளை அமர்த்தி 'அ' எழுதக் கற்பித்து, அந்தப் பள்ளியைத் தொடங்கிய அம்மையாரின் பெயர் அதில் இல்லை. கேட்டேன். மறந்துவிட்டது என்றனர். தீய எண்ணம் எவருக்கும் இல்லை. கல் எழுதியவர்கள் கூட்டத்தில் இருந்தவர்கள். அவர் கூட்டத்திற்கு வருபவர் அல்லர். பக்ஸ்டனின் கல்லிலும் நிகழ்ந்தது இதுவே. அவையில் இருந்தோர் அவையில் இருந்தோரை நினைத்தனர்.

நாம் செய்ய வேண்டியது

இத்தகைய கற்களை இடித்துத் தள்ள வேண்டும் என்பாரும் உளர்; நன்றியோடு வணங்கிச் செல்ல வேண்டும் என்பாரும் உளர். இரண்டும் நம் வழி அல்ல. கல் நிற்கட்டும், அதை முழுமையாகப் படிப்போம். எழுதியிருப்பதை மதிப்போடு படிப்போம். எழுதாமல் விட்டதைத் துணிவோடு கேட்போம். இதே அளவுகோலை நம் கற்களுக்கும் வைப்போம்.

பெற்றோரே, நீங்கள் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் அந்நாட்டின் பூங்காவில் ஒரு நினைவுக்கல் இருக்கும். ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். மூன்று கேள்விகளை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். இதை நட்டவர் யார்? இதில் பெயர் பெற்றவர் யார்? இந்த நிகழ்வில் பங்குகொண்டும் இதில் பெயர் பெறாதவர் யார்? இம்மூன்றையும் கேட்கப் பழகிய பிள்ளை, பாடநூலையும் செய்தித்தாளையும் அவ்வாறே படிக்கும். அத்தோடு, வீட்டில் உங்கள் கதையைச் சொல்லும்போதும் வெற்றியை மட்டும் சொல்லாதீர்கள். எந்த ஆண்டில், எந்த வழியாக, யாருடைய உதவியால் வந்தீர்கள், எவரை விட்டுவிட்டு வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஊரில் யாருடைய உழைப்பில் நம் குடும்பம் உண்டது என்பதையும் மறைக்காதீர்கள்.

இளையோரே, உங்களுக்கு உங்கள் கைக்கேற்ற பணி ஒன்று உண்டு. கல்லில் இல்லாத பெயர்கள் பல, தாளில் இருக்கின்றன. கரிபியத் தீவுகளின் அடிமைப் பதிவேடுகள் பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இழப்பீடு பெற்ற எசமானர் பட்டியலை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி தரவுத்தளமாக்கி, எவரும் தேடிப் பார்க்க வழி செய்துள்ளது. நேட்டாலுக்குச் சென்றோரின் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், அகவை, ஊர், உடலிலுள்ள அடையாளம் வரை பதிவாகியுள்ளன. மொரீசியசில் மகாத்மா காந்தி நிறுவனம் ஒப்பந்தத் தொழிலாளர் ஆவணங்களைப் பேணி வருகிறது. ஆனால் எழுதிய எழுத்தர் பலர் தமிழ் அறிந்தவர் அல்லர். முனிசாமி 'மூன்சாமி' ஆனார். முதலி 'மூட்லி' ஆனார். ஊர்ப் பெயர்கள் உருத்தெரியாமல் சிதைந்தன. ஒரே ஊர் பத்து வகை எழுத்துக்கூட்டலில் கிடக்கிறது.

கணினித் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது தீர்க்கக்கூடிய சிக்கல். எழுத்தைக் கொண்டு தேடாமல் ஒலியைக் கொண்டு தேடும் நிரல்களை எழுதலாம். ஆனால் 'திருக்கோயிலூர்' என்ற பெயர் ஆங்கில எழுத்தரின் காதில் எவ்வாறு விழுந்திருக்கும் என்பதை ஊகிக்க, அந்த ஊர்ப் பெயரைத் தமிழில் ஒலிக்கத் தெரிந்தவர் வேண்டும். தமிழும் ஆங்கிலமும் நிரல்மொழியும் ஒருங்கே அறிந்த தலைமுறை, வரலாற்றில் உங்களுடையதுதான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பால் என்ன பயன் என்று கேட்கிறீர்களே, இதோ ஒரு பயன். நூறாண்டுகளாகத் தன் முன்னோர் ஊரைத் தேடும் டர்பன் நகரத்துக் குடும்பம் ஒன்றுக்கு, அந்த ஊரின் பெயரை உங்களால் மீட்டுத் தர இயலும்.

நம் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்து நீங்கள் ஒரு கல் பதிக்கும்போது, திறந்துவைப்பவரின் பெயரைச் சிறிதாக எழுதுங்கள். தொடங்கியவரின் பெயரை, சமைத்தவரின் பெயரை, கூட்டிப் பெருக்கியவரின் பெயரைத் தேடி எழுதுங்கள். நினைவுச்சின்னம் வேண்டும் என்று அரசுகளிடம் நாம் கோரும்போதும், முதலில் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துக் கையில் வைத்துக்கொண்டு கோருவோம். கல்லுக்குப் பணம் திரட்டுவது எளிது. பெயர் திரட்டுவதுதான் கடினம். பெயர் இல்லாத கல் வெறும் அலங்காரமாகவே முடியும்.

சென்ற மாதம் அந்தப் பூங்காவுக்கு மீண்டும் சென்றேன். இம்முறை கல்வெட்டை முழுமையாகப் படித்தேன். பின்பு பள்ளி மண்டபத்தில் விடுபட்ட அந்த அம்மையாரின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். முதன்முதலில் தம்மிடம் படித்த எட்டுப் பிள்ளைகளின் பெயரையும் அவர் ஒன்று விடாமல் சொன்னார். எழுதிக்கொண்டேன். மண்டபத்தின் செயற்குழுவுக்கு அந்தப் பட்டியல் அனுப்பப்பட்டுள்ளது. விடை வந்ததும் வாசகர்களுக்கு அறிவிப்போம்.